பத்துக்கு எத்தனை?

ஒன்ராறியோவில் நோயாளியின் வலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். பச்சைப் பொய். எமேர்ஜென்சி வாசலில் கேட்பார்கள், கட்டிலில் கேட்பார்கள், குளிசை தரமுன் கேட்பார்கள், முறை மாறி வேலைக்கு வந்தவர் புதிதாக ஒருதரம் கேட்பார். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணைச் சொல்லவேண்டும். பூச்சியம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் நீங்கள் நினைத்துப் பார்க்கக்கூடிய ஆகக் கொடிய வலி. சொன்ன கையோடு எண் கணினியில் ஏறிவிடும். அதன்பிறகு அந்த எண்ணுக்கு ராஜ உபசாரம்தான். அது பத்திரமாகச் சேமிக்கப்படும், கோட்டுப்படமாகும், அறிக்கை ஒன்றில் சராசரியாகும். எண்ணைச் சொன்ன ஆள் நடைவழியில் ஸ்ட்ரெச்சரில் கிடப்பார். நடைவழி வைத்தியத்துக்கு முடிவு கட்டுவேன் என்று 2018-இல் வாக்குக் கேட்டு வந்தவர்தான் இன்றும் முதல்வர்.

ஆகக் கொடிய வலி என்ற அந்தப் பத்தை எங்கள் ஈழத்தமிழ்ச் சனத்திடம் கேட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2009-இல் வன்னியின் கடைசித் துண்டு நிலத்தில் மயக்க மருந்து இல்லாமல் கை கால் வெட்டியிருக்கிறார்கள். இறைச்சி வெட்டும் கத்தியால் வெட்டியிருக்கிறார்கள். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011-இல் இதை எழுதி வைத்திருக்கிறது. அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இப்போது ரொறன்ரோவின் மார்க்கம் வீதித் தொடர்மாடிகளில் இருக்கிறார்கள். அப்படி ஒரு அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து வருகிறார் என்று வையுங்கள். தாதி கேட்க, பேத்தி மொழிபெயர்க்கிறாள்.

"அம்மம்மா, பத்துக்கு எத்தனை எண்டு கேக்கினம்."

"ஒரு நாலு எண்டு சொல்லு மோனை. பாவம் அந்தப் பிள்ளை, ஓடித் திரியுது."

நாலு பதிவாகிறது. நாலுக்குரியது ரைலனோல். ரைலனோல் வருகிறது. கேட்டவரும் சரியாகக் கேட்டார், சொன்னவரும் மரியாதையாகச் சொன்னார், எழுதியவரும் பிழையில்லாமல் எழுதினார். உடைந்த எலும்பு மட்டும் இந்த ஒழுங்குக்குள் அடங்கமாட்டேன் என்கிறது.

சரி, நாலு என்றால் நாலு. பத்து என்று கத்தினால்? 2020 செப்டம்பர் 28 அன்று கியூபெக் மாகாணத்து ஜோலியெற் ஆஸ்பத்திரியில் ஜோய்ஸ் எச்சக்குவான் கத்தினார். அற்றிகமெக் முதற்குடியைச் சேர்ந்தவர், ஏழு பிள்ளைகளின் தாய், வயது 37. வயிற்றுவலி என்று வந்தவரைப் போதை மருந்து கிடைக்காமல் துடிக்கிறார் என்று தீர்மானித்துவிட்டார்கள். மதிப்பீடும் நோயறிதலும் ஒரே மூச்சில் முடிந்தன. முகத்தைப் பார்த்தால் போதுமாயிருந்தது. கட்டிலில் கிடந்தபடி அவர் தன் கைபேசியில் நேரலை செய்ததால், ஊழியர்கள் அவரை இழிவாகப் பேசியது நாடு முழுவதும் கேட்டது. அன்றே இறந்துபோனார். இனவாதம் இந்த மரணத்தில் பங்கெடுத்தது என்று அடுத்த ஆண்டு மரண விசாரணை அதிகாரி எழுதினார். வலியை நம்புவதற்கும் ஒரு தோல் நிறம் தேவைப்படுகிற நாட்டில்தான் நாங்கள் குடியுரிமை எடுத்திருக்கிறோம்.

இதையெல்லாம் அறியாமையால் நடக்கிறது என்று சொல்லித் தப்பமுடியாது. வலியைப் பற்றிக் கனடாவுக்கு வெளியாள் வந்து பாடம் எடுக்கத் தேவையில்லை. மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்து ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்பவரோடு சேர்ந்து 1965-இல் வலியின் கதவுக் கோட்பாட்டை வெளியிட்டார். குத்துகிறதா, எரிகிறதா, விண்விண் என்று தெறிக்கிறதா என்று வலியின் குணத்தைக் கேட்டு அறியும் மக்கில் கேள்விக்கொத்தும் 1975-இல் அவர் தந்ததுதான். தாதிமைத் துறையில் அதற்கு முன்பே அமெரிக்காவின் ஐடா ஜீன் ஒர்லாண்டோ 1961-இல் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். தாதி தான் கண்டதை நோயாளியிடமே சரிபார்க்கவேண்டும். செய்த வேலை உதவியதா என்று திரும்பி வந்து நோயாளியிடமே கேட்கவேண்டும். சாரம் இவ்வளவுதான். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று ஒவ்வொரு தாதிமை மாணவியும் தூக்கத்திலும் ஒப்புவிக்கும் ஐந்து படிகள்: மதிப்பீடு, நோயறிதல், திட்டம், செயல், மீள்மதிப்பீடு. ஒன்ராறியோப் பதிவுபெற்ற தாதியர் சங்கம் வலிக்கென்றே தடித்த வழிகாட்டி ஒன்றை 2002-இல் ரொறன்ரோவிலிருந்து வெளியிட்டது. 2013-இல் அதன் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. நல்ல நூல். எண்ணை மட்டும் கேட்டுவிட்டுப் போகாதே, எழுந்து இருக்க முடிகிறதா, நித்திரை வருகிறதா, எதைச் செய்தால் தணிகிறது என்று கேள், பேச முடியாதவர் என்றால் முகத்தையும் முனகலையும் பார் என்று சொல்கிறது.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் கேட்க, பேத்தியல்லாத ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பத்து நிமிடம் வேண்டும். பிறகுதான் ஐந்தாவது படி. வாயால் கொடுத்த குளிசைக்கு ஒரு மணித்தியாலம் கழித்து, நாளத்தில் ஏற்றிய மருந்துக்கு அரை மணித்தியாலத்துக்குள், திரும்பி வந்து "இப்ப எப்பிடி அம்மா, குறைஞ்சிருக்கோ?" என்று கேட்கவேண்டும். குறையவில்லை என்றால் வைத்தியரைக் கூப்பிட்டுச் சண்டை பிடிக்கவேண்டும். வலி மேலாண்மை என்று மேடைகளில் பேசப்படும் மாபெரும் விஷயம், கடைசியில், ஒரு மனுசி அதே கட்டிலுக்குத் திரும்பி வருவதுதான்.

அந்த மனுசியைத்தான் இந்த மாகாணம் வெட்டிவிட்டது.

வெட்டியதற்கு ஆதாரம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 2019 நவம்பரில் மாகாணச் சட்டசபையான குயின்ஸ் பார்க்கில் சட்டமூலம் 124 நிறைவேறியது. வருங்காலத் தலைமுறைக்காகப் பொதுத்துறையைப் பாதுகாக்கும் சட்டம் என்று பெயர். தாதியருக்கும் ஆசிரியருக்கும் மற்றும் பல பொதுத்துறை ஊழியருக்கும் மூன்று ஆண்டுகளுக்குச் சம்பள உயர்வு ஆண்டுக்கு 1 வீதத்தைத் தாண்டக்கூடாது. நகரப் பொலிசாருக்கும் தீயணைப்புப் படையினருக்கும் இந்தக் கட்டு இல்லை. மூன்று மாதம் போக, கோவிட் வந்தது. நாங்கள் எல்லோரும் இரவு ஏழரைக்குப் பல்கனியில் நின்று சட்டி பானை தட்டினோம். முதல்வர் டக் போர்ட் தாதியரை வீரர்கள் என்றார். வீரர்களுக்கு மணித்தியாலத்துக்கு 4 டொலர் மேலதிகமாகக் கொடுத்து, 16 கிழமையில் அதையும் நிறுத்தினார். 2022-இல் நாட்டின் விலைவாசி 6.8 வீதம் ஏறியது. வீரர்களின் 1 வீதம் அசையவில்லை. கணக்குத் தெரிந்த தாதியர் ஓய்வெடுத்தார்கள், எல்லை தாண்டினார்கள், முகவர் நிறுவனங்களில் சேர்ந்தார்கள். ஒழுங்கான சம்பளம் கொடுத்து வைத்திருக்க மனமில்லாத அதே ஆட்களை, முகவருக்குக் கூடுதல் பணம் கொடுத்து ஆஸ்பத்திரிகள் வாடகைக்கு எடுத்தன. சிக்கனம் என்பது இதுதான் போலும்.

2022 நவம்பர் 29-இல் ஒன்ராறியோ உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்றது. வலி தாங்காத அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 2024 பெப்ரவரியில் அங்கேயும் தோற்றபிறகுதான் சட்டத்தைக் கைவிட்டது. நிலுவைச் சம்பளம் வந்தது. போனவர்கள் வரவில்லை. மக்கள்தொகைக்கு ஏற்பப் பார்த்தால், பதிவுபெற்ற தாதியர் ஆகக் குறைவாக உள்ள மாகாணம் என்ற பெயர் ஒன்ராறியோவுக்கு ஆண்டுக்கணக்காக ஒட்டியிருக்கிறது. ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிக்கு மேல் கூடாது என்ற எல்லை கலிபோர்னியாவில் 2004-இலிருந்து சட்டம். பொது வார்ட்டில் ஐந்து பேர். இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. யாழ்ப்பாணத்தில் வார்ட்டையே தலையில் தூக்கி நடத்திய தாதிகள் இந்த ஊரில் கோப்பி ஊற்றிக்கொண்டும் முதியோரைக் குளிப்பாட்டிக்கொண்டும் இருக்கிறார்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன். அவர்களுக்குக் கனேடிய அனுபவம் போதாதாம். நடைவழியில் நோயாளியைக் கிடத்திப் பழகிய அனுபவம் அவர்களுக்கு அங்கேயே நிறைய உண்டு.

படிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவின் பத்துப் பல்கலைக்கழகங்களில், எதிர்கால மருத்துவப் பணியாளருக்கு வலியைப் பற்றி எத்தனை மணித்தியாலம் கற்பிக்கிறார்கள் என்று எடுத்த கணக்கு 2009-இல் வெளிவந்தது. வைத்திய மாணவருக்குச் சராசரி 16 மணித்தியாலம். தாதிமை மாணவருக்கு 31. மிருக வைத்திய மாணவருக்கு 87. பதில் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரால், தங்கள் பாடத்திட்டத்தில் வலிக்கு எத்தனை மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறது என்றே சொல்ல முடியவில்லை. இதைப் படித்தபிறகு, அம்மம்மா விழுந்தால் ஸ்காபரோவில் நல்ல மிருக வைத்தியர் யார் என்று விசாரிக்கத் தோன்றுகிறது. அங்கே பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எண் சொல்லு என்று நாயைக் கேட்கமாட்டார்கள். நடையைப் பார்ப்பார்கள், தொட்டுப் பார்ப்பார்கள், முனகலைக் கேட்பார்கள். மாகாண மருத்துவக் காப்புறுதியின் ஓஹிப் அட்டை செல்லாது, அது ஒன்றுதான் குறை.

கற்பிக்க ஆர்வமாக முன்வந்தவர்களும் இருந்தார்கள். ஒக்ஸிகொன்ரின் என்ற ஓப்பியோயிட் வலி மருந்து 1996-இல் கனடாவில் அனுமதி பெற்றது. அதை விற்ற பேர்டியூ பார்மாவின் கனடிய அலுவலகம் எங்கள் பக்கத்து ஊரான பிக்கரிங்கில் இருந்தது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் வலிப் பாடத்தில் மாணவருக்கு இலவசமாகக் கிடைத்த புத்தகம் ஒன்று இந்த நிறுவனத்தின் பணத்தில் வந்தது என்று தெரியவந்து பெரிய சர்ச்சை ஆனது. வலிக்குறி விற்பனைக்குறியாக மாறிய காலம் அது. அமெரிக்காவில் ஒக்ஸிகொன்ரினின் ஆபத்தைக் குறைத்துச் சொன்னதாகப் பேர்டியூவின் இணை நிறுவனம் 2007-இலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டது. பேர்டியூவின் கனடிய நிறுவனம் மாகாணங்களுக்கு 2022-இல் 150 மில்லியன் டொலர் தர உடன்பட்டு விஷயத்தை முடித்துக்கொண்டது. வைத்தியர்கள் முதலில் அள்ளிக் கொடுத்தார்கள். பிறகு பயந்து கையை மூடினார்கள். இரண்டு தரமும் இடையில் அகப்பட்டவர்கள் வலியோடு இருந்தவர்கள்தான்.

இனி முதியோர் இல்லங்கள். இராணுவம் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஷெல் அடிப்பது என்று பழகிப்போன சனம் நாங்கள். 2020 வசந்தத்தில் கனடிய இராணுவம் ஒன்ராறியோவின் ஐந்து நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்குள் போய், கிழவிகளின் படுக்கைப்புண்களை எண்ணிவிட்டு வந்தது. மே மாதத்தில் அறிக்கை வெளிவந்தது. எற்றோபிக்கோவில் ஒன்று, நோர்த் யோர்க்கில் ஒன்று, எங்கள் ஸ்காபரோவின் அல்டமொன்ற், பிக்கரிங்கின் ஓர்ச்சட் விலா, பிரம்டனில் ஒன்று. அல்டமொன்ற்றில் பெரும்பாலானோருக்கு மூன்று வேளைச் சாப்பாடு கிடைக்கவில்லை. கட்டிலை விட்டு எழுப்பாமல் விட்டதால் பலருக்குப் படுக்கைப்புண்; ஆழம் அளக்கமுடியாத புண்களும் அதில் அடக்கம். உதவிக்கு அழுது கூப்பிட்டவர்களிடம் அரை மணித்தியாலம் முதல் இரண்டு மணித்தியாலத்துக்கு மேலும் யாரும் போகாத சம்பவங்களை அறிக்கை பதிந்திருக்கிறது. நோயாளியைப் பார்க்காமலேயே பார்த்ததாகக் கோப்பில் எழுதப்பட்டதுபோல் தெரிந்தது என்ற அவதானிப்பும் உண்டு. ஐந்து படிகளையும் கட்டிலருகே போகாமலே ஏறி முடிக்கலாம் என்று கண்டுபிடித்த பெருமை எங்கள் மாகாணத்துக்கே உரியது.

நாலாம் நிலைப் படுக்கைப்புண் எலும்பைத் தொடும். அதற்குப் பத்துக்கு எத்தனை என்று அங்கே யார் கேட்டிருப்பார்கள், யாரிடம் சொல்லியிருப்பார்கள்?

தன் வாழ்நாளில் படித்த ஆக நெஞ்சைப் பிழியும் அறிக்கை இது என்று முதல்வர் தழுதழுத்தார். தழுதழுத்த அதே ஆண்டு நவம்பரில் சட்டமூலம் 218 நிறைவேறியது. கோவிட் தொடர்பாக இல்லங்கள் மேல் வழக்குப் போட, சாதாரண அலட்சியம் இனிப் போதாது, பாரதூரமான அலட்சியத்தை நிரூபிக்கவேண்டும். ஏறத்தாழ 70 பேர் இறந்த ஓர்ச்சட் விலாவுக்குப் புதிய கட்டடமும் 320 கட்டிலும் 30 ஆண்டு உரிமமும் என்று வழி திறந்தது. நெஞ்சு பிழியப்பட்டதில் வழிந்தது இதுதான்.

2022-இல் சட்டமூலம் 7. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும் முதியவர் நீண்டகாலப் பராமரிப்புக்குக் காத்திருந்தால், அவர் விரும்பாத இல்லத்துக்கும் அனுப்பலாம். தெற்கு ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றர் வரை. போகமாட்டேன் என்றால் நாளுக்கு 400 டொலர். ஒசாவாவையும் தாண்டி, தமிழ் ஒரு சொல் தெரியாத, புட்டு என்றால் என்னவென்று கேட்கும் ஓரிடத்தில் அம்மம்மாவை இறக்கிவிட்டால், அங்கே அவருடைய நாலை யார் மொழிபெயர்ப்பது? ஆனால் சட்டத்தின் பெயரில் மேலான பராமரிப்பு என்ற சொல் இருக்கிறது. பெயர் வைப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை.

இப்போது நம்மவர் பக்கம் வருவோம். 2021 மேயில் இதே குயின்ஸ் பார்க் சட்டமூலம் 104-ஐ நிறைவேற்றி, மே 18-உடன் முடியும் ஏழு நாட்களைத் தமிழினப்படுகொலை அறிவூட்டல் வாரம் என்று அறிவித்தது. அது வேண்டியதுதான், அதற்காக உழைத்தவர்களுக்குத் தலை வணங்குகிறேன். அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களும் தோற்றார்கள். ஆனால் எங்கள் வலிக்கு ஒரு கிழமை எழுதிக் கொடுத்த அதே சபை, அந்த வலியைச் சுமந்து வந்த உடம்புகளுக்கு அருகே தாதி திரும்பி வருவதற்கு ஒரு நிமிடம் எழுதிக் கொடுக்கவில்லையே என்று எங்களில் யார் கேட்டோம்? ஆளும் கட்சியில் அப்போது தமிழ் உறுப்பினர்கள் இருந்தார்கள். தைப்பொங்கலுக்கு வேட்டி கட்டி வந்த அத்தனை பேருக்கும் பொன்னாடை போர்த்தினோம். பானை பொங்கும்வரை பக்கத்தில் நின்று படமெடுத்தோம். ஸ்காபரோ ஆஸ்பத்திரிகளின் அறக்கட்டளை ஒரு கணக்குச் சொல்லும்: ரொறன்ரோ மக்கள்தொகையில் கால்வாசி இங்கே, நகரத்து ஆஸ்பத்திரி நன்கொடையில் 1 வீதத்துக்கும் குறைவு இங்கே. பணக்காரர் வசிக்கும் பக்கம் ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் கொடையாளர் பெயர். எங்கள் பக்கம் பெயர்கள் கோயில் உபய அறிவித்தலிலும் மண்டபத்து வீடியோவிலும் இருக்கின்றன. நன்கொடையால்தான் ஆஸ்பத்திரி நடக்கவேண்டும் என்ற ஏற்பாடே வெட்கக்கேடு என்பதை மறந்துவிட்டு, குறைந்த தொகைக்கு நாங்கள் வெட்கப்படுகிறோம்.

மத்திய அரசும் சும்மா இருக்கவில்லை. 2019-இல் வலிச் செயலணி அமைத்தது. அது மூன்று ஆண்டில் மூன்று அறிக்கை தந்தது. ஏறத்தாழ 80 லட்சம் கனடியர் நாட்பட்ட வலியோடு வாழ்கிறார்கள், அதனால் ஆண்டுக்கு 38 பில்லியன் டொலருக்கு மேல் செலவு என்று கண்டுபிடித்தது. மதிப்பீடு அருமை. திட்டமும் அருமை, செயல்திட்டம் என்றே தலைப்பு வைத்து 2021-இல் வெளியிட்டார்கள். செயல் என்ற படியைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

மீள்மதிப்பீட்டைப் பற்றி எழுத இருக்கிறது. அது 2025 பெப்ரவரி 27-இல் மாகாணத் தேர்தல் என்ற பெயரில் நடந்தது. சட்டமூலம் 124, 218, 7 எல்லாம் தந்தவரிடம் குறைந்ததா கூடியதா என்று சொல்ல எங்களுக்குக் கிடைத்த நாள். தகுதியுள்ளவர்களில் 100-க்கு 45 பேர் வாக்களித்தார்கள். டக் போர்ட் மூன்றாம் முறையும் பெரும்பான்மையோடு வந்தார். மற்ற 55 பேரைப் பற்றிக் கோப்பில் எழுதத் தாதியரிடம் ஏற்கெனவே ஒரு வசனம் இருக்கிறது: நோயாளி முறைப்பாடு எதுவும் சொல்லவில்லை.